மூன்றுக்கும் ஒரே உடுப்பு

வில்யாண்டியில் அந்தக் கடையின்
உடைமாற்றும் அறை ஓர் அலமாரி அளவு.
அதற்குள் மைரே ஓடிக்கொண்டிருக்கிறாள்,
நின்ற இடத்திலேயே.
திரைக்குக் கீழே குதிகால்கள் மட்டும்
ஏறி இறங்குவதைப் பார்த்து
கடைப் பையன் ராஸ்முஸ் கேட்கிறான்:
'அளவு சரியா?'

'இன்னும் தெரியவில்லை. பொறு,
இப்போதுதான் சைக்கிளில் ஏறுகிறேன்.'

குனிகிறாள்.
நிற்கும்போது பவ்யமாக இருந்த இடுப்புப் பட்டை
குனிந்ததும் வயிற்றைப் பிடித்துக் கேள்வி கேட்கிறது.
கைகளை மாற்றி மாற்றித் தலைக்கு மேல் வீசுகிறாள்,
முழங்கை சுவரில் இடிக்கிறது: அது நீச்சல்.
கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.
கண்ணாடிக்கு எங்கே உறுத்தப்போகிறது?

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏரி,
நாற்பது கிலோமீட்டர் தார்ச்சாலை,
பிறகு பத்து, காலால்.
நடுவில் உடை மாற்றலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.
கடிகாரம் மட்டும் நிற்காது.

ஆள் பாதி ஆடை பாதி என்போம் நாம்.
இங்கே அந்தக் கணக்கு உதைக்கிறது.
நீரில் ஒருத்தி, இருக்கையில் ஒருத்தி, சாலையில் ஒருத்தி;
ஆள் மூன்று,
ஆடை ஒன்று.

தையல்தான் சிக்கல்.
(பெண்ணுக்கும் அதே சொல்லை வைத்திருக்கும் மொழியில்
இதை எழுதுகிறேன். அவளுக்கு அது தெரியாது.)
வாங்கும்போது தையல் பேசாது.
முதல் மூன்று கிலோமீட்டர் பேசாது.
ஏழாவதில், வியர்வை உப்பாகக் காய்ந்தபின்,
அக்குளுக்குக் கீழே வாய் திறக்கும்.
போன வருஷம் அப்படித்தான்:
தள்ளுபடியில் கிடைத்த அழகான பச்சைச் சட்டை.
எல்லைக்கோட்டில் எடுத்த படத்தில்
இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகட்டியபடி
பென்குயின் மாதிரி வருகிறாள்.
ஊர்மாஸ் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறான்.

'இந்த வருஷம் எல்லோரும் ஆரஞ்சுதான் கேட்கிறார்கள்.'
அவள் கறுப்பை எடுத்து, உள்ளே வெளியே புரட்டி,
பிசைந்த மாவின் சூடு பார்ப்பதுபோல்
மணிக்கட்டின் உட்பக்கத்தைத் தையலெல்லாம் ஓட்டுகிறாள்.
இரவு வேலை, ரொட்டிக்கூடம், இருபத்திரண்டு வருஷம்.
அடுப்பு வாயில் பட்டுப் பட்டு
முன்கையில் ஏணிப்படிகளாய்ச் சூட்டுத் தழும்புகள்.
நீச்சல் ரப்பர் உடையின் விளிம்பு
குறிபார்த்து மூன்றாம் படியில்தான் உட்காரும்.

வீட்டில் ஒத்திகை.
உடுத்தபடியே தொட்டியில் முங்கி,
சொட்டச் சொட்டக் கூடத்துக்கு வந்து
நிறுத்தியிருந்த சைக்கிளில் நாற்பது நிமிஷம்.
ஊர்மாஸ் துடைப்பத்தோடு பின்னால் வந்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
இருக்கைப் பஞ்சு தடித்திருந்தால் சுகம் என்பவர்கள்
அதை நனைத்துப் பார்க்காதவர்கள்:
பாலில் ஊறிய ரொட்டியின் மேல்
மலையேறுவதுபோல் இருக்கும்.
இது மெலிசு. காய்ந்துவிட்டது.
கழுத்துப் பின்னால் குத்திய சீட்டை மட்டும்
ரொட்டி கீறும் பிளேடால் அறுத்தாள்.
ஒன்பது மொழிகளில் துவைக்கும் விதி
தரையில் விழுந்தது.

ஆகஸ்ட் காலை. ஏரி பத்தொன்பது பாகை.
கரையில் எல்லோரும் ஏதேதோ களிம்புக் குச்சிகளைத்
தேய்த்துக்கொண்டிருக்க,
மைரே பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள்.
ரொட்டி அச்சுக்குத் தடவுகிற கொழுப்பு.
கழுத்துக்கு, அக்குளுக்கு, கணுக்காலுக்கு,
மூன்றாம் படிக்கு இரண்டு தடவை.
பக்கத்தில் நின்ற தார்த்து வக்கீல் பெண்
மூக்கை உறிஞ்சி, பசிக்கிறது என்றாள்.

நீந்தி வந்தவர்கள் கரையில்
ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே
ரப்பரோடு மல்லுக்கட்டினார்கள்; ஒருவர் விழுந்தே விட்டார்.
இவள் தோளைக் குலுக்கினாள், இடுப்பை ஒருமுறை தட்டினாள்,
அச்சைக் கவிழ்த்ததும் விழும் கறுப்பு ரொட்டியாக
முழுசாக, ஓரம் பிய்யாமல்
வெளியே வந்தாள்.

ஏழாவது கிலோமீட்டர்.
காதை அக்குளில் வைத்தபடி ஓடினாள் என்று சொல்லலாம்.
பேச்சில்லை.
இடுப்புப் பட்டை, பேச்சில்லை.
கழுத்து, பேச்சில்லை.

எட்டாவதில் இடது சுண்டுவிரல்
தொண்டையைக் கனைத்தது.
காலுறை.
காலுறையை அவள் யோசிக்கவே இல்லை.